சட்டம் கேளுங்கள்: தேதி தவறிய பதிவும் தேங்கிப்போன பட்டியலும்

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்தவள். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடிந்ததும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு கேட்டிருந்தாள். அதற்குள் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) உதவி மருத்துவர் அறிவிக்கை வந்ததால் விண்ணப்பித்துத் தேர்வும் எழுதினாள். கட்-ஆஃப்பைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றும், பதிவுச் சான்றிதழ் விண்ணப்பக் கடைசி நாளுக்குப் பிறகே வந்தது என்று கூறிச் சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரித்துவிட்டார்கள். வழக்குத் தொடர்ந்தால் பலன் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சான்றிதழை எடுத்து அதிலுள்ள தேதிகளை முதலில் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட நாளும் சான்றிதழ் வழங்கப்பட்ட நாளும் வேறு வேறாக இருக்கலாம். உங்கள் வழக்கின் பலம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பதிவு உரிய நாளுக்கு முன்பே நடந்து, காகிதம் மட்டும் தாமதமாகக் கைக்கு வந்திருந்தால், தகுதி வேறு, அதற்கான சான்று வேறு என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஒடிசாவில் மருத்துவச் சேர்க்கைக்கு முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்த டோலி சந்தா என்ற மாணவியின் வழக்கில், தகுதி உண்மையில் இருக்கும்போது சான்று சமர்ப்பிக்கும் நடைமுறையில் ஏற்படும் சிறு குறைக்காக விண்ணப்பத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

பதிவே பின்னர்தான் நடந்தது என்றால், வீண் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. ஜம்மு காஷ்மீர் இளநிலைப் பொறியாளர் தேர்வு தொடர்பான அசோக் குமார் சர்மா வழக்கில், விண்ணப்பக் கடைசி நாளில் பொறியியல் பட்டத் தேர்வு முடிவு வராமல், நேர்காணலுக்கு முன் தேர்ச்சி பெற்றவர்களைத் தகுதியுள்ளவர்களாகக் கொள்ள முடியாது என்று 1997-இல் தீர்ப்பானது. அன்று தகுதியில்லை என்று கருதி விண்ணப்பிக்காமலே விட்டவர்களுக்கு அநீதி ஆகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதை எளிதில் மறுக்க முடியாது. இருந்தாலும் அறிவிக்கையை மறுபடி ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். தகுதியை எந்த நாளில் பார்க்க வேண்டும் என்பதைப் பணி விதிகளும், அவற்றில் இல்லையென்றால் அறிவிக்கையும் தீர்மானிக்கும். இரண்டும் மௌனமாக இருந்தால்தான் விண்ணப்பக் கடைசி நாள் அளவுகோலாகும்.

வழக்குத் தொடர்வதென்றால் தாமதிக்காதீர்கள். மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லாததால், அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்திலேயே நேரடியாக ரிட் மனு தாக்கல் செய்ய வேண்டும். நிராகரிப்பை எழுத்துப்பூர்வமாகப் பெற்று, மகளின் இனச் சுழற்சிப் பிரிவில் (இட ஒதுக்கீட்டில் அவளுக்குரிய பிரிவில்) ஓர் இடத்தைக் காலியாக வைக்குமாறு இடைக்கால உத்தரவும் கேளுங்கள். அவ்விடம் நிரம்பிய பிறகு வந்தால், நியமனம் பெற்றவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும். அவரைக் கேட்காமல் அவருடைய வேலையை நீதிமன்றம் பறிக்காது. வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது பேர் சேர்ந்து ஒரே மனு போடலாம் என்பார்கள். ஒவ்வொருவர் பதிவு நாளும் வேறாக இருக்கும்போது, பலவீனமான ஒருவரின் கதை உங்கள் மகளுடையதையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். மனு தனியாக இருக்கட்டும்.

கேள்வி: தேர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இடங்கள் காலியாக இருந்தும் பணி ஆணை வரவில்லை. பட்டியலில் இடம்பெற்றாலே வேலை உறுதியில்லையா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: இல்லை. சங்கர்சன் தாஷ் வழக்கில் 1991-இலேயே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கிவிட்டது. அறிவித்த இடங்கள் அனைத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்குக் கிடையாது. ஆனால் அதே தீர்ப்பு, நிரப்பாமல் விடும் முடிவு தன்னிச்சையானதாக இருக்கக் கூடாது, தக்க காரணத்தோடு நேர்மையாக எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிப்படுத்தியது. தேர்வு நடைமுறை தொடங்கிய பிறகு, விதிகளோ அறிவிக்கையோ இடம் தராதபோது, தகுதி வரையறையை நடுவில் மாற்ற முடியாது என்று அறிவித்த தீர்ப்பும் இதுதான்.

ஆகவே காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிரிவில் எத்தனை இடங்கள் அறிவிக்கப்பட்டன, எத்தனை பேர் பணியில் சேர்ந்தார்கள், சேராதவர்களின் இடங்கள் என்னவாயின, பட்டியல் எந்த நாள் வரை செல்லும் ஆகிய விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பட்டியலின் ஆயுள் முடிவதற்குள் நீதிமன்றம் செல்ல வேண்டும் என்பதால், பதிலுக்காக அதுவரை காத்திருந்துவிடாதீர்கள்.