ஐந்தாம் பெட்ரோ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொள்ளைநோய்கள் பற்றிய கட்டுரையில், போர்ச்சுகல் மன்னர் ஐந்தாம் பெட்ரோவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நல்ல அரசர்களில் ஒருவர் என்று சொல்லியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். ஆறு வருடம்தான் ஆண்டிருக்கிறார், 24 வயதில் இறந்துவிட்டார். பெரிதாக எதையும் சாதித்ததாகத் தெரியவில்லை. இளவயதில் செத்துப்போன ராஜா என்கிற அனுதாபம்தானே இது? அவருக்கு விஷம் வைத்தார்கள் என்றும் படித்தேன். உண்மையா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அவருடைய மரணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு 1857ஆம் வருடத்தை மட்டும் பாருங்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் லிஸ்பன் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. ஐயாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். வசதியுள்ளவர்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு போனார்கள். மன்னரையும் கிளம்பச் சொன்னார்கள். அவர் போகவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளிகளின் கட்டிலருகே நின்று பேசினார். வயது 20.

நோயாளியைத் தொடுவதால் மஞ்சள் காய்ச்சல் வராது, கொசுதான் பரப்புகிறது என்று இன்று நமக்குத் தெரியும். அது நிரூபணமானதே 1900ல்தான். கட்டிலருகே போனால் சாவு வரலாம் என்று நம்பிக்கொண்டுதான் அவர் போனார். கொசு நிறைந்த அந்த ஊரில் தங்கியிருந்ததே ஆபத்துதான். இந்தத் துணிச்சலை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, ஆட்சி? அம்மா இரண்டாம் மரியா 1853ல் பிரசவத்தில் இறந்தார். மகனுக்கு வயது வரும்வரை அப்பா ஃபெர்னாண்டோ பொறுப்பில் இருந்தார். 1855ல், பதினெட்டாம் பிறந்தநாளன்று, பெட்ரோ அரசுப் பொறுப்பை ஏற்றார். அது அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி, அன்றாட நிர்வாகம் அமைச்சர்கள் கையில். அதனால் தன் வேலை கண்காணிப்பது என்று எடுத்துக்கொண்டார். கோப்புகளை வரிவரியாகப் படித்தார். மக்கள் புகார் எழுதிப் போட அரண்மனையில் ஒரு பச்சைப் பெட்டி வைத்து, சாவியைத் தானே வைத்துக்கொண்டார். நாட்டின் முதல் ரயில் ஓடியதும் அவர் காலத்தில், 1856ல்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ‘ஷார்ல் எ ஜார்ஜ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் விவகாரம். இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் காலனியாக இருந்த ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் என்ற பெயரில் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். பெயர்தான் கூலி, நடந்தது அடிமை வியாபாரம். 1857 கடைசியில் போர்ச்சுகலின் காலனியான மொசாம்பிக்கின் கடலில் நூற்றுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களோடு அந்தக் கப்பலைப் போர்த்துகீசியர்கள் பிடித்தார்கள். கேப்டனுக்குத் தண்டனையும் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் லிஸ்பனுக்கே போர்க்கப்பல்களை அனுப்பினார். நட்பு நாடான இங்கிலாந்து கைகொடுக்கவில்லை. கப்பலைத் திருப்பிக் கொடுத்து நஷ்டஈடும் கட்ட வேண்டியதாயிற்று. போர்ச்சுகலின் சொந்தக் காலனிகளில் அப்போதும் அடிமைமுறை இருந்தது, அதை மறைக்க முடியாது. இருபது வருடத்தில் ஒழிப்போம் என்று 1858ல்தான் கெடு வைத்தார்கள். ஆனாலும் அந்தக் கப்பல் விஷயத்தில் நியாயம் போர்ச்சுகல் பக்கம் இருந்தது. அந்த நியாயம் தோற்றுப்போனது.

கதை அதோடு முடியவில்லை. அந்தக் கெட்ட பெயருக்குப் பிறகு பிரான்ஸ் ஆப்பிரிக்காவில் ஆள் எடுப்பதை நிறுத்தியது. பதிலுக்கு, 1860, 1861 ஒப்பந்தங்கள் மூலம் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆள் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கியது. அதற்கு முன்பே புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம்மவர்கள் ரெயூனியனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இனி இன்னும் பெரிய கதவு திறந்தது. அப்படிக் கப்பலேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பெட்ரோவின் ஆட்சியை எங்கோ நடந்த அரண்மனைக் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

1858ல் ஜெர்மன் இளவரசி எஸ்டெஃபானியாவைக் கல்யாணம் செய்தார். ஆஸ்பத்திரியில் பெரியவர்களோடு குழந்தைகளையும் ஒரே வார்டில் போட்டிருந்ததைப் பார்த்து வருந்தியவர் அவர். குழந்தைகளுக்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். மறுவருடமே தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனார், 22 வயதில். பெட்ரோ அந்த வேலையைத் தொடங்கிவைத்தார். ஆஸ்பத்திரி திறந்தது 1877ல். எஸ்டெஃபானியாவின் பெயரிலேயே லிஸ்பனில் இருக்கிறது. இலக்கியப் படிப்புக்கென்று ஒரு உயர்கல்லூரியையும் பெட்ரோ 1859ல் தன் சொந்தப் பணத்தில் தொடங்கினார். பிற்காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் இலக்கியப் பிரிவு அதிலிருந்துதான் வந்தது. ஆறு வருடத்துக்கு இது குறைவா, சொல்லுங்கள்.

அப்புறம், விஷம். இல்லை, டைஃபாய்டு. 1861 நவம்பர் 6ல் தம்பி ஃபெர்னாண்டோ, 11ல் பெட்ரோ, டிசம்பர் கடைசியில் இன்னொரு தம்பி ஜுவாவும். ஒரே வீட்டில் இரண்டு மாதத்துக்குள் மூன்று சாவு விழுந்தால் ஊர் சந்தேகப்படத்தான் செய்யும். லிஸ்பனில் கலவரமே நடந்தது. ஆனால் விஷத்துக்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

அடுத்து வந்த தம்பி லூயிஷ் 1889 வரை ஆண்டார். கடலையும் ஷேக்ஸ்பியரையும் நேசித்த மனிதர், ‘ஹாம்லெட்’டைப் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்த்தவர். அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.