வார்டிலும் தேர்விலும் வரும் கேள்விகள்: நர்சிங் மாணவர்களுக்குச் சில பதில்கள்

கேள்வி: அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் நோயாளியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள். விளக்கத்தையும் நாமே சொல்லிவிடலாமா?

வேண்டாம். என்ன அறுவை, என்ன பலன், என்னென்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டியவர் அதைச் செய்யப்போகும் மருத்துவர். சாட்சிக் கையெழுத்திடும் செவிலியர் உறுதி செய்வது வேறு: கையெழுத்திட்டவர் அந்த நோயாளிதான், தெளிவான நினைவோடு இருக்கிறார், யாரும் வற்புறுத்தவில்லை. அதனால்தான் மயக்கம் தரும் முன்மருந்து கொடுப்பதற்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். "எதை எடுக்கப் போறாங்கன்னே தெரியலம்மா" என்று அவர் சொன்னால் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், தியேட்டரிலிருந்து யார் அவசரப்படுத்தினாலும் சரி. கையெழுத்திட்ட பிறகு மனம் மாறவும் அவருக்கு உரிமை உண்டு. அதை உடனே தெரிவிப்பது உங்கள் கடமை.

கேள்வி: சார்ட்டில் தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசலாமா?

கூடவே கூடாது. அடித்தது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, தேதி, நேரம், கையெழுத்து இடுங்கள். விட்டுப்போனதைப் பின்னால் சேர்த்தால் 'தாமதப் பதிவு' என்று குறித்து, எழுதுகிற நேரத்தையே போடுங்கள்.

கேள்வி: கவனக்குறைவு என்று நிரூபிக்க என்னென்ன வேண்டும்?

நான்கு. கடமை இருந்தது, அதில் தவறினார், தீங்கு நேர்ந்தது, அந்தத் தீங்கு அந்தத் தவறால்தான் வந்தது. தேர்வில் பலர் கடைசியை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரையில் பி மதிப்பு (p-value) 0.05-க்குக் குறைவு என்றால் ஆய்வின் முடிவு 95% உண்மையா?

இல்லை. இரு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிட அதிகமோ வேறுபாடு தற்செயலாக வர 5%-க்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்பதுதான் பொருள். பல்லாயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் இரத்த அழுத்தம் 1 புள்ளி குறைந்தாலே பி மதிப்பு சிறியதாக வரக்கூடும். அந்த 1 புள்ளியால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கப் பழகுங்கள்.

கேள்வி: ஆய்வுக்குத் தகவல் சேகரித்துத் தருவதோடு எங்கள் வேலை முடிகிறது. ஆய்வு நெறிமுறையை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காக டஸ்கீகி சிஃபிலிஸ் ஆய்வின் வரலாற்றைக் கட்டாயம் படியுங்கள். அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களிடம் உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் முற்றுவதை அரசின் சுகாதாரத் துறை கவனித்துக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளும் அவர்களோடு நேரடித் தொடர்பில் இருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர். மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்த மனிதர்கள் நம்பியது அவரைத்தான். இது வெளியே தெரிந்த பிறகு, 1979-இல் அமெரிக்காவில் வந்த பெல்மாண்ட் அறிக்கை, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கோட்பாடுகளை வகுத்தது. தகவல் சேகரிக்கும்போது, "எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் உங்கள் சிகிச்சை குறையாது" என்பதை நோயாளி உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

கேள்வி: பிரேடன் அளவுகோலில் மதிப்பெண் கூடினால் படுக்கைப்புண் ஆபத்தும் கூடுமா?

குறையும். மொத்தம் 6 முதல் 23 வரை. பொதுவாக 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து. வாட்டர்லோ அளவுகோலில் இது தலைகீழ், அதில் கூடினால்தான் ஆபத்து. உங்கள் வார்டில் எந்தப் படிவம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணை எழுதுங்கள்.