ஜப்பான் ஆசைக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருச்சியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆசிய மொழிகள், அந்த ஊர்ச் சாப்பாடு, பயணம் என்றால் எனக்குப் பைத்தியம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (ஜேஎல்பிடி) முதல் படியான என்-5 தேர்ச்சி பெற்று, இப்போது அடுத்த படியான என்-4க்குப் படிக்கிறேன். கொரிய மொழி வகுப்பிலும் சேரலாம் என்றிருக்கிறேன். டியூஷன் எடுப்பதில் மாதம் 8,000 ரூபாய் வருகிறது. பேங்கில் 42,000 ரூபாய் வைத்திருக்கிறேன். ஒரு ஏஜென்ட், ஜப்பானில் மொழிப் பள்ளியில் இடமும் பார்ட் டைம் வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்லி 1.5 லட்சம் முன்பணம் கேட்கிறார். வேலை பார்த்தே ஃபீஸைக் கட்டிவிடலாமாம். அம்மா நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். அப்பா பெயரில் பர்சனல் லோன் எடுக்கவும் யோசிக்கிறோம். போகலாமா? அது சரிவராது என்றால், ஒரு சுற்றுலாவாவது போய்வர வழி சொல்லுங்கள் சார்.
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: முதலில் அந்த ஏஜென்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். பணம் கொடுக்காதீர்கள்.

ஜப்பானில் மாணவர் விசாவில் இருப்பவர், அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம். மணிக்கு 1,100 யென் என்று வைத்தால், நாலு வாரத்துக்கு 1,23,200 யென். ஒரு யென்னுக்கு 60 பைசா என்று கொஞ்சம் தாராளமாகவே கணக்குப் போட்டாலும் சுமார் 74,000 ரூபாய். திருச்சியிலிருந்து பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் அங்கே அறை வாடகை, சாப்பாடு, ரயில், போன், இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். மொழிப் பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 7, 8 லட்சம் யென். அது எங்கிருந்து வரும்? 28 மணி நேரத்தைத் தாண்டி வேலை பார்த்தால் விசா நீட்டிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, என்-4 கூட முடிக்காதவருக்கு ஆள் எதிரே நின்று பேசும் வேலை அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. சரக்கு அடுக்கும் வேலையும் இரவு ஷிஃப்டும்தான் மிஞ்சும். அப்புறம் காலையில் வகுப்பில் தூங்கி விழ வேண்டியதுதான்.

முறையான பள்ளியாக இருந்தால், விண்ணப்பக் கட்டணம் போக, பெரிய தொகையைப் பெரும்பாலும் ஜப்பானியக் குடிவரவுத் துறை விசாவுக்கான தகுதிச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் கேட்பார்கள், அதுவும் பள்ளியின் சொந்த வங்கிக் கணக்கில் கட்டச் சொல்லி. உங்கள் ஏஜென்ட் எதற்கு ரசீது தருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். வேலைக்கு உத்தரவாதம் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதோடு போன் வருவது நின்றுவிடும்.

இப்போது உங்கள் ஆசைக்கு வருவோம். மொழி, சாப்பாடு, பயணம் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் பண விஷயத்தில் மூன்றும் மூன்று விதம். மொழிக்குச் செலவழித்தால் நாளைக்குத் திரும்பி வரலாம். பயணச் செலவு திரும்பி வராது, அதனால் அது கையில் இருக்கும் காசில் மட்டும்தான் நடக்க வேண்டும். சாப்பாட்டுக்குத் தனியாகத் திட்டமே வேண்டாம், போகிற இடத்தில் அதுவும் நடக்கும். மூன்றையும் சேர்த்து ஒரு கடனில் கட்டுவதுதான் தப்பு.

பர்சனல் லோன் கணக்கைப் பாருங்கள். 1.5 லட்சம், 18 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதம் சுமார் 5,420 ரூபாய். கட்டி முடிக்கும்போது 1.95 லட்சம் போயிருக்கும். இன்றைக்கு உங்கள் டியூஷன் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும். நகைக்கடனில் வட்டி குறைவுதான். ஆனால் உங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் முதலில் கைகொடுப்பது அந்த நகைதானே? அதை ஊர் சுற்ற அடகு வைப்பதை அம்மாவே சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மொழிக்கு வருகிறேன். கொரிய வகுப்பு இப்போது வேண்டாம். வாக்கிய அமைப்பில் ஜப்பானியம், கொரியம் இரண்டும் நம் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள், அதனால் சுலபமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் இரண்டிலும் அரைகுறையாக நிற்பவருக்குச் சம்பளம் கொடுப்பார் இல்லை. சென்னையைச் சுற்றியுள்ள ஜப்பானிய நிறுவனங்கள் என்-5, என்-4 சான்றிதழை ஆர்வம் என்ற அளவில்தான் பார்க்கும். என்-3இல்தான் பேச்சே ஆரம்பிக்கும், என்-2 இருந்தால் மொழிபெயர்ப்பு, ஒருங்கிணைப்பு வேலைகளுக்குத் துணிந்து விண்ணப்பிக்கலாம். அதோடு நீங்கள் பி.காம். கணக்கு தெரிந்து ஜப்பானிய மொழியும் தெரிந்த ஆள் என்றால் மதிப்பே தனி. ஜேஎல்பிடி தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களில் முதல் ஞாயிறு நடக்கும், சென்னையிலும் எழுதலாம். தேர்வுக் கட்டணம், புத்தகம், சென்னை பஸ் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 15,000 ரூபாயை இப்போதே ஒதுக்கி வையுங்கள். இதைக் குறைக்க நினைக்காதீர்கள்.

ஜப்பானில் படிக்கும் ஆசை உண்மையானால் மெக்ஸ்ட் உதவித்தொகையைக் குறி வையுங்கள். ஜப்பான் அரசு தருவது. கல்விக் கட்டணம், விமான டிக்கெட், மாதாமாதம் கைச்செலவுப் பணம் எல்லாம் அதில் அடங்கும், விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. பட்டம் முடித்தவர்களுக்கு ஆய்வு மாணவர் பிரிவு இருக்கிறது. சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். போட்டி கடுமையானதுதான். ஆனாலும் 1.5 லட்சத்தை ஏஜென்டிடம் கொடுப்பதைவிட, இதற்கு நல்ல ஆய்வுத் திட்டம் ஒன்று எழுத மூன்று மாதம் உட்காரலாம்.

சரி, சுற்றுலா. இதற்கு வழி இருக்கிறது.

தனியாகத் திட்டமிட்டுப் பத்து நாள் போனால் என்ன ஆகும்? ஹாஸ்டல் படுக்கை ஒன்பது இரவுக்கு 36,000 யென், சாப்பாடு 25,000, உள்ளூர் ரயில் 10,000, டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் ஒரு வழி சுமார் 14,000. மொத்தம் 85,000 யென், அதாவது 51,000 ரூபாய். ஒரு இடத்தில் இறங்கி மாறும் விமான டிக்கெட்டுக்கு 50,000 வைத்துக்கொள்ளுங்கள். விசா, இன்ஷூரன்ஸ், எதிர்பாராத செலவு எல்லாம் 20,000. ஆக 1.2 லட்சம். புல்லட் ரயிலுக்கு ஒரு வழி மட்டும் போட்டதற்குக் காரணம் உண்டு. டோக்கியோவில் இறங்கி, திரும்பும்போது ஒசாகாவில் விமானம் ஏறுங்கள், வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம். யாராவது ஜே.ஆர். பாஸ் (வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸ்) வாங்கச் சொன்னால், 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது என்று சொல்லுங்கள். உங்கள் பயணத்துக்கு அது வீண்.

சேமிப்பு இப்படி: மாதம் 5,000 ரூபாய் வங்கி ஆர்.டி., 20 மாதம். 6.5 சதவீத வட்டியில் சுமார் 1.05 லட்சம் ஆகும். தேர்வுக்கு ஒதுக்கியது போக மீதி 27,000 ரூபாயை எஃப்.டி. போட்டால் 30,000 ஆகும். மொத்தம் 1.35 லட்சம். விமான டிக்கெட் ஏறினால் தாங்கும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. பங்குச் சந்தை எஸ்.ஐ.பி.யில் போடலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். 20 மாதத்தில் எடுக்க வேண்டிய பணத்துக்கு அது ஒத்துவராது. போக வேண்டிய மாதத்தில் சந்தை விழுந்திருந்தால் என்ன செய்வீர்கள்?

கடைசித் தேர்வு ஏப்ரலில் முடிந்த கையோடு கிளம்பத் தோன்றும். வேண்டாம். மார்ச் கடைசியில் செர்ரிப் பூ, ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரை ஜப்பானியரின் தொடர் விடுமுறை. அறை வாடகை தாறுமாறாக இருக்கும். மே மாதப் பாதிக்கு மேல் போங்கள். ஜூனில் மழை, ஆனால் கூட்டமும் விலையும் இறங்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு சின்னத் தந்திரம்: சூப்பர் மார்க்கெட்டில் மாலை ஏழு, எட்டு மணிக்கு மேல் சுஷிக்கும் பெட்டிச் சாப்பாட்டுக்கும் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஒரு ஊழியர் வருவார். பின்னாலேயே நாலு பேர் சும்மா நிற்பது போல் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். பல ராமென் (சூப் நூடுல்ஸ்) கடைகளில் வாசலில் இருக்கும் மெஷினில் காசு போட்டு டோக்கன் எடுக்க வேண்டும், கார்டு எடுக்காது. அதனால் கையில் யென் வேண்டும், செவன் லெவன் கடை ஏ.டி.எம்.களில் நம்மூர் சர்வதேசக் கார்டு வேலை செய்யும். கிரெடிட் கார்டு தேய்த்தால் பொதுவாக 3.5 சதவீதம் வரை மார்க்அப் (நாணய மாற்றுக்கான கட்டணம்), அதற்கு மேல் ஜி.எஸ்.டி. ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய் போய்விடும். அதற்கு, முன்கூட்டியே யென் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு மேல். கடைக்காரர் ரூபாயிலா யென்னிலா என்று கேட்டால் யென் என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் மாற்று விலையில் வெட்டுவார்கள்.

20 மாதம் பொறுக்க முடியாதா? திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. விதி மாறியிருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பினாங்கில் சீனச் சாப்பாடு, மலாய்ச் சாப்பாடு, தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடியாகத் தூக்கி விற்றதிலிருந்து வந்த நாசி கண்டார் என்ற குழம்புச் சோறு எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். ஐந்து நாளுக்கு 40,000 ரூபாய் ஆகும். அது ஜப்பான் பயணத்தை எட்டு மாதம் தள்ளிப் போடும். நானாக இருந்தால் காத்திருப்பேன். ஆனால் இது உங்கள் காசு, உங்கள் நாக்கு.

பாஸ்போர்ட் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இப்போதே சாதாரண முறையில் விண்ணப்பித்துவிடுங்கள், 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தட்கலுக்கு மேலும் 2,000 ஆகும், 20 மாதம் இருக்கும் உங்களுக்கு அது எதற்கு?