பர்ரன் பாறைவெளியில் மாடுகளின் வேலை

அன்புள்ள ஐயா,

மே மாதம் அயர்லாந்து போகிறேன். கிளேர் மாவட்டத்தின் பர்ரன் பாறைவெளிக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம்? அபூர்வ மலர்கள் பூக்கும் இடம் என்கிறார்கள், அங்கேயே மாடுகளும் மேய்கின்றனவாம். வேலி போட்டு அவற்றை வெளியேற்றினால் என்ன? பூல்னப்ரோன் கல்லறை அருகே பயணிகள் குட்டிக் கல்லறைகள் அடுக்கிய படங்கள் பார்த்தேன். நானும் ஒன்று அடுக்கி வரலாமென்று ஆசை.

உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

கல் அடுக்காதீர்கள். பூல்னப்ரோனில் 1986, 1988 ஆண்டுகளில் தொல்லியலாளர் ஆன் லிஞ்ச் அகழாய்வு செய்தபோது 30க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. 5000 ஆண்டுகளுக்கும் முன் மனிதர்களைக் கிடத்திய இடத்தில் பொம்மைக் கல்லறை கட்டுவது என்ன ரசனை? பழைய சுவரிலிருந்து நீங்கள் உருவும் கல் திரும்ப அதன் இடத்துக்குப் போகாது.

உங்கள் மாட்டுக் கேள்விதான் என்னை எழுதவைத்தது. பாதுகாப்பு என்றதும் நமக்கு ஏன் உடனே வேலி நினைவுக்கு வருகிறது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பர்ரன் சுண்ணாம்புக்கல் வெளி. மழைநீர் அரித்த வெடிப்புகளை கிரைக் என்பார்கள், இடையில் நிற்கும் பாளங்களை கிளின்ட். தண்ணீர் மேலே தேங்காமல் கிரைக் வழியே இறங்கிவிடும். கோடையில் வாங்கிய சூட்டைப் பாறை குளிர்காலத்தில் மெல்ல வெளிவிடும். மற்ற ஊர்களில் மாட்டைக் கோடையில் மலைக்கு ஓட்டுவார்கள். ஆனால் மேடு காய்ந்தும் சூடாகவும் இருப்பதால் பர்ரன்காரர்கள் அக்டோபர் கடைசிவாக்கில் மேலே ஓட்டி, வசந்தத்தில் கீழே இறக்குவார்கள். வின்டரேஜ் என்கிற இந்த வழக்கம்தான் அந்த நிலத்தின் உண்மையான மரபுச் செல்வம். நீங்கள் கல்லை மட்டும் பார்க்கிறீர்கள்.

குளிர்காலம் முழுக்க மாடு காய்ந்து படுத்த புல்லைத் தின்று தீர்க்கிறது. நீல ஜென்ஷன், மலை அவென்ஸ், ஆர்க்கிட் ஆகிய பூச்செடிகள் முளைக்கும்போது தரைவரை வெளிச்சம் விழுகிறது. அவை பூக்கும்போது மாடு கீழே போயிருக்கும். மாட்டை வெளியேற்றிப் பாருங்கள்: காய்ந்த புல் மெத்தையாகப் படியும், அதன்மேல் பிளாக்தார்ன் முட்புதரும் ஹேசல் புதரும் ஏறும், பூ போய்விடும், கல்கோட்டைகளும் புதருக்குள் மறையும்.

மாடு இருந்தும் கெடலாம். குளிர்கால மேய்ச்சல் மேட்டில் சைலேஜ், அதாவது புளிக்கவைத்த தீவனப்புல், கொண்டுபோய் வைத்தால் மாடு அந்த இடத்தைவிட்டு நகராது. தூரத்துப் புல் அப்படியே நிற்கும். தீவனத்தைச் சுற்றிச் சேறும் சாணமும் சேரும். சைலேஜ் கசிவு கிரைக்கில் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும், வடிகட்ட அங்கே மண் ஏது? 2005இல் தொடங்கிய பர்ரன்லைஃப் திட்டம் விவசாயிகளோடு சேர்ந்தே இதற்கு வழி தேடியது. சைலேஜுக்குப் பதில் அடர்தீவனத்தை அளந்து கொடுத்தார்கள், மேயாத பகுதிகளுக்கு மாடு போக தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், புதர்களில் தடம் வெட்டினார்கள். பின்னால் ஒவ்வொரு வயலுக்கும் 10க்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, அதற்கேற்பப் பணம் கொடுக்கும் முறை வந்தது.

‘இயற்கையாக விடலாமே’ என்பீர்கள். எந்த இயற்கை? கற்கால விவசாயிகள் வெட்டுவதற்கு முன் அங்கே பைனும் ஹேசலும் நின்றன. இன்றைய வெறுமையில் மனிதர் கைவேலையும் உண்டு.

தங்க பாலிவாகன் வசதி. ஜென்ஷன் பார்க்க மே முதல் பாதியில் போங்கள். கணுக்கால் மூடும் காலணி வேண்டும். ஈரச் சுண்ணாம்புக்கல் வழுக்கும், புல் மூடிய கிரைக்கில் கால் சிக்கும். கேரன் அருகே காஹெர்கொமான் மூன்றுசுற்றுக் கல்கோட்டையைத் தவறவிடாதீர்கள். மோஹர் செங்குத்துப் பாறைகளுக்கு நான் சொல்லாமலே போவீர்கள். மே மாதம் மேட்டில் மாடுகள் அதிகம் தென்படாது. வேலி போட்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்து எனக்கு எழுதிவிடாதீர்கள்.