தம்பியோடு ஜாம்பியா போகும் லேப்டாப்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நேற்று நீங்கள் கொடுத்துவிட்டுப் போன, தம்பியின் சர்வே வேலைக்கான நியமனக் கடிதத்தை இரவு நிதானமாகப் படித்தேன். சம்பளம், தங்குமிடம், விமானச் செலவு எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் உள்ள ஒரு வரிதான் உங்களைக் கலங்கடித்திருக்கிறது என்று புரிகிறது: பணிக்கான கணினியை ஊழியரே கொண்டுவர வேண்டும். அதற்காக ஒன்றரை லட்சம் ரூபாயில் கேமிங் லேப்டாப் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னீர்கள். வேண்டாம் அம்மா. அவ்வளவு பணம் போட்டு வாங்கினாலும் தம்பி போகும் ஊருக்கு அது பொருந்தாது.

சோல்வேசி, ஜாம்பியாவின் வடமேற்கில் செம்புச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த ஊர். தலைநகர் லூசாகாவிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் சாலைப் பயணம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை பெரும்பாலும் மழை இருக்காது. செம்மண் புழுதி மூக்கிலும் ஏறும், லேப்டாப்பின் காற்றாடியிலும் ஏறும். 2024-இல் வறட்சியால், நீர்மின்சாரம் தரும் கரிபா நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்தபோது அந்த நாட்டு மக்கள் நாளின் பெரும்பகுதியை மின்சாரம் இல்லாமல் கழித்தார்கள். அம்பத்தூரில் சார்ஜர் போனால் மாலைக்குள் வேறொன்று வாங்கிவிடலாம். அங்கே அது முடியாது.

இதை நான் ஒரு மாணவியிடமிருந்து கற்றுக்கொண்டேன். ஜாம்பியாவின் அண்டை நாடான மலாவியில் ஒரு நீர்வளத் திட்டத்தில் வேலை கிடைத்துப் போனாள். மெல்லியதாக, அழகாக இருந்த லேப்டாப்பைக் கொண்டுபோனாள். மூன்றாவது மாதம், அதாவது தகுதிகாண் காலம் முடியும் நேரத்தில், சார்ஜர் செருகும் துளை ஆட்டம் கண்டது. ஒரு வாரத்தில் முழுதாகச் செத்தது. அந்த ஊரில் மொபைல் பழுதுபார்க்கும் கடைகள் இருந்தன. இந்த மாடலுக்கான பாகம்தான் எங்கும் இல்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பிய ஒரு கன்னியாஸ்திரியிடம் கொடுத்தனுப்பினாள். அதைச் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனவன் நான். பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடி வழியாக எனக்குக் காட்டினார்: சட்டைப் பித்தான் அளவுகூட இல்லாத ஒரு உலோகக் கூடு, அதன் ஒரு கால் லேப்டாப்பின் முக்கியச் சுற்றுப்பலகையான மதர்போர்டிலிருந்து பெயர்ந்து நின்றது. ஒரே பிற்பகலில் சரியாகிவிட்டது. ஆனால் அது அவள் கைக்குத் திரும்பிச் சேர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் அலுவலகக் கணினி காலியாகும் வரை இரவு எட்டு மணிக்குமேல் காத்திருந்து அறிக்கை எழுதினாள். அவள் அழுத குரல் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் லேப்டாப் கேட்டு வருபவர்களிடம் வேகத்தைப் பற்றி நான் கடைசியாகத்தான் பேசுகிறேன். முதல் கேள்வி, அடிப்பக்கத்தைத் திறந்தால் எதையெல்லாம் மாற்ற முடியும் என்பது. ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), எஸ்.எஸ்.டி. (கோப்புகள் தங்கும் சேமிப்பகம்), பேட்டரி, கீபோர்டு, காற்றாடி ஆகியவை ஸ்குரூவைக் கழற்றி மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். கடைக்காரர்கள் ‘ஆன்போர்டு’ என்பார்கள். மேக்புக் நல்ல இயந்திரம்தான், ஆனால் மேக்புக் ஏரில் ரேமும் சேமிப்பகமும் அப்படித்தான் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. தவிர, சர்வே துறையில் புழங்கும் சிவில் 3டி போன்ற வடிவமைப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும்.

அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் வரிசைகளைப் பாருங்கள்: லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட் (2025 முதல் புதியவை டெல் ப்ரோ என்ற பெயரில் வருகின்றன), ஹெச்பியின் எலைட்புக். பார்க்கக் கறுப்பாக, சாதாரணமாக இருக்கும். ஆனால் எந்த ஸ்குரூவை முதலில் கழற்றுவது, எந்தக் கேபிளை எப்படி விடுவிப்பது என்று படத்தோடு விளக்கும் பழுதுபார்ப்புக் கையேட்டை அந்த நிறுவனங்களே இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. மாடலுக்கு மாடல் உள்ளமைப்பு மாறும். ஆகவே பணம் கொடுக்கும் முன் அந்தக் கையேட்டைத் தம்பி திறந்து ரேம், பேட்டரி பக்கங்களைப் படித்துவிட வேண்டும்.

யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் துளை இரண்டு இருக்க வேண்டும். மலாவி மாணவியின் லேப்டாப்பில் இருந்தது ஒன்றுதான். இரண்டு இருந்தால், ஒன்று போனாலும் மற்றதில் வேலை ஓடும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை கேமிங் லேப்டாப் அங்கே பெரும் சுமை. அதன் அடாப்டர் செங்கல் கனம். பலவற்றுக்கு 180, 240 வாட் தேவைப்படும். அலுவலக லேப்டாப்புக்கு 65 வாட் போதும். மின்வெட்டு நேரத்தில் ஒரு நல்ல பவர் பேங்கே அதற்கு உயிர் கொடுத்துவிடும். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் என்றால் 74 வாட்-மணி. விமானத்தில் 100 வாட்-மணி வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம், ஆனால் கைப்பையில்தான். சரக்குப் பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் 65 வாட் வெளியீடு தருமா என்று பார்த்து வாங்குங்கள், மொபைலுக்கானது போதாது. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஜாம்பியாவிலும் நம் ஊர்போல 230 வோல்ட்தான். பிளக் மட்டும் பெரும்பாலும் பிரிட்டனில் உள்ளதுபோல மூன்று செவ்வகக் கால்கள் கொண்டது. அதற்கான மாற்றி இரண்டு, 65 வாட் சார்ஜர் இரண்டு வாங்கி, சார்ஜர்களை வெவ்வேறு பைகளில் வையுங்கள்.

புதிதாக வாங்கப் பணம் போதாவிட்டால், நிறுவனங்கள் குத்தகை முடிந்து விற்கும் லேப்டாப்புகள் ரிச்சி தெருவில் கிடைக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். அதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் அவசரப்படக் கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 முறைப்படி ஏறும் மாடல்தான் வேண்டும்; இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். கடையிலேயே இணையத்தோடு இணைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் பெயரைக் காட்டி உள்நுழையச் சொன்னால், அது இன்னும் அவர்கள் பிடியில் இருக்கிறது என்று பொருள். பேட்டரியை எப்படியும் புதிதாக மாற்றிவிடுங்கள். டச்பேட் லேசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த இயந்திரத்தைத் தொடவே வேண்டாம்.

வாரண்டி நாட்டுக்கு நாடு மாறும். ‘இன்டர்நேஷனல்’ என்று கடைக்காரர் வாயால் சொல்வதை ஏற்காமல், நிறுவனத்தின் தளத்தில் வரிசை எண்ணை இட்டுப் பாருங்கள். பில்லில் தம்பியின் பெயர் இருக்கட்டும்.

புறப்பட இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அடுத்த வாரமே வாங்கிவிட்டால் குறைகள் இங்கேயே வெளிப்பட ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கும். தினமும் எட்டு மணி நேரம் அதில் வேலை செய்யச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தம்பியே அடிமூடியைத் திறக்கட்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, எஸ்.எஸ்.டி.யை எடுத்து, மறுபடி பொருத்தி, காற்றாடியை மெல்லிய தூரிகையால் துடைத்து மூட வேண்டும். முதல் தடவை கை நடுங்கும், ஒரு ஸ்குரூ மிஞ்சும். இரண்டாம் தடவை சரியாகிவிடும். கையேடு, சிறு ஸ்குரூ டிரைவர், விண்டோஸ் ஏற்றும் பென் டிரைவ், கூடுதலாக ஒரு எஸ்.எஸ்.டி. ஆகியவை பெட்டியில் போகட்டும்.

இன்னொன்றை உங்களிடமே ஒப்படைக்கிறேன். விண்டோஸ் 11 பல லேப்டாப்புகளில் தானாகவே தகவல்களைப் பூட்டிவைக்கிறது. மதர்போர்டை மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பாது. அந்த எண்ணை இரண்டு தாளில் அச்சிட்டு, ஒன்றை அவனுடைய பாஸ்போர்ட்டோடும் மற்றொன்றை உங்கள் பீரோவிலும் வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், தம்பி அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும்: என்ன மென்பொருள் பயன்படுத்துகிறார்கள், டிரோன் படங்களை இவன் லேப்டாப்பிலேயே கையாள வேண்டுமா, பழுதானால் மாற்றுக் கணினி தருவார்களா. இப்படிக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று அவன் தயங்குவான். பொறுப்பாகத் தயாராகிறான் என்றுதான் நினைப்பார்கள்; பணியில் சேரும் முன் இவ்வாறு கேட்டு வேலையை இழந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பதில் வந்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரேம் 16 ஜிபி போதுமா, 32 வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எந்தக் கடையிலும் முன்பணம் கொடுக்காதீர்கள். வளையலும் கையிலேயே இருக்கட்டும்.