பெட்டி இல்லாமலே கனம் தேடும் பையன்

அம்மா, வணக்கம். எஸ்.சி. (ஸ்கூல் சர்ட்டிபிகேட்) தேர்வு முடிவு வந்தாகிவிட்டது, அக்கவுண்ட்ஸ் எடுத்தால் இங்கே மொரீஷியஸில் எபேன் சைபர் நகரத்தில் வேலை கிடைக்கும் என்று நீங்கள் சொன்னால், பையன் வி.ஆர். (மெய்நிகர் உலகத்தைக் காட்டும்) கண்ணாடியைப் பற்றியே பேசுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை அவனோடு ஒரு மணி நேரம் பேசினேன். வீடியோ விளையாட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை; வி.ஆரில் கனத்தை எப்படி உணரவைப்பது என்றுதான் கேட்டான்.

கண்ணாடிக்குள் தெரியும் பெட்டியைத் தூக்கினால் கையில் வெறும் காற்றுதான். கனத்துக்கு எங்கே போவது? ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரத்தின் ஹாசோ பிளாட்னர் நிறுவனத்தில் பெத்ரோ லோப்பஸ் குழுவினர் 2017-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். தோலில் மின்சாரம் செலுத்தும் பட்டைகளை ஒட்டி, தூக்கும் தசைக்கு எதிரான தசையை மெல்லிய மின்துடிப்பால் சுருங்க வைக்கிறார்கள். மேற்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸ் கையைக் கீழே இழுக்க, முன்பக்கத் தசையான பைசெப்ஸ் அதை மீறித் தூக்கப் பாடுபடுகிறது. அந்தப் பாடுதான் கனமாகத் தெரிகிறது.

அவன் முழங்கையை மடக்கும்போது நான் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்திக் காட்டினேன். "தைப்பூசத்தன்று காவடி எடுத்தபோது தோள் இப்படித்தான் இருந்தது மிஸ்" என்றான். படிக்கிற பிள்ளைதான் அம்மா, பயப்படாதீர்கள்.

அடுத்து வரும் எச்.எஸ்.சி. (ஹையர் ஸ்கூல் சர்ட்டிபிகேட்) படிப்பில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம் இருக்கட்டும். மூன்றாவது பாடம் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். நான் உயிரியல் என்பேன். கோடிங்கை வீட்டில் உட்கார்ந்தும் கற்றுக்கொள்ளலாம். நரம்பையும் தசையையும் யாராவது சொல்லித்தர வேண்டும்.

வி.ஆரில் கனம் உண்டாக்கும் இந்த வேலைக்கு நம் தீவில் ஆள் எடுப்பார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதே மின்துடிப்பு மருத்துவத்தில் பழையது. பக்கவாதத்தால் பாதம் தொங்கிப்போனவர்களை நடக்கவைக்க 1961-லேயே பயன்படுத்தியிருக்கிறார்கள். வி.ஆர். கைகொடுக்காவிட்டாலும் மருத்துவக் கருவிகள் பக்கம் போகலாம். 2019 முதல் நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணமும் இல்லை. ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடிக்கட்டும், வெளிநாட்டை அப்புறம் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆன்லைனில் மலிவான மின்துடிப்புக் கருவி வாங்கிப் பிரித்து மாற்றிக் கட்டப்போகிறானாம். வேண்டாம். நெஞ்சுப் பக்கம் மின்சாரம் போனால் விளையாட்டு இல்லை. பேஸ்மேக்கர் வைத்த தாத்தா வீட்டில் இருக்கிறாராமே, அவர் கிட்டேயே அதைக் கொண்டுபோகக் கூடாது.

வரும் சனிக்கிழமை இயற்பியல் நோட்டோடு அவனை அனுப்புங்கள். நீங்களும் வந்தால் மூன்றாம் பாடத்தை அன்றே முடிவு செய்துவிடலாம்.