காரை ஜாக்கியில் தூக்கி வீட்டிலேயே வேலை பார்க்கலாமா? தூக்கின காரைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்டு கட்டாயம் வாங்கணுமா, செங்கல் வைத்தால் போதாதா?

பார்க்கலாம். ஸ்டாண்டு வாங்கணும். செங்கல் போதாது.

இதோடு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதே கேள்விக்கு ஒருவர் "பதினஞ்சு வருஷமா ஹாலோ பிளாக் வெச்சுத்தான் பண்றேன், ஒண்ணும் ஆகல" என்று எழுதியிருக்கிறார். அதற்கு நாற்பது பேர் ஆதரவு வேறு. அதைப் பார்த்த பிறகு சும்மா போக மனசு வரவில்லை. எனக்கும் ரொம்ப நாள் ஒண்ணும் ஆகவில்லை. ஆகிற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

கேட்டவரும் என் மாதிரி ஆள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய கார், வீட்டு போர்டிகோ, ஞாயிற்றுக்கிழமை காலை, யூடியூபில் பார்த்த வீடியோ, டிக்கியில் காரோடு வந்த, திருகித் தூக்குகிற சிசர் ஜாக்கி. என்னுடையது 2004 மாடல் மாருதி 800, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பக்கம் பிரேக் டிஸ்க் பேட் தேய்ந்து கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பேட் செட் வாங்கி வந்துவிட்டேன். இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலைக்கு மெக்கானிக் எதற்கு என்று நினைப்பு. (மெக்கானிக்குகள் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவர்கள் கை படாமல் இந்த வண்டி இருபது வருஷம் ஓடியிருக்காது. அதைச் சொல்லிச் சண்டைக்கு வராதீர்கள்.)

என் போர்டிகோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர். வீடு கட்டும்போது வாசல் தெருவைவிட ஒன்றரை அடி உயரம். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே கொட்டிக் கொட்டி, இப்போது தெரு மேலே, நாங்கள் கீழே. சுரண்டிவிட்டுத்தான் போடணும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். எங்கள் தெருவுக்கு அந்தக் கடுதாசி இன்னும் வந்து சேரவில்லை போல. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க கேட் ஓரம் மேடு கட்டி, அங்கிருந்து உள்பக்கம் சரிவாகப் பேவர் பிளாக் பதித்தேன். அந்தச் செலவுக் கணக்கைத் தனியாக எழுதுகிற அளவுக்கு வயிற்றெரிச்சல் இருக்கிறது, விடுங்கள். விஷயம் இதுதான்: என் கார் எப்போதும் மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு சரிவில்தான் நிற்கும்.

அன்றைக்கு ஹேண்ட் பிரேக் போட்டேன். முதல் கியரிலும் போட்டேன். பின்சக்கரத்துக்குப் பின்னால் அரைச் செங்கல் ஒன்றையும் அணை கொடுத்தேன். இதைவிட என்ன வேண்டும் என்று, இடது முன்சக்கரத்தைத் தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

எதிர்வீட்டு அண்ணன் அரசுப் போக்குவரத்துக் கழக டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர், வண்டியைப் பார்க்கவில்லை, சுவரில் சாய்ந்திருந்த சக்கரத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, வீலை செவுத்துக்கு அணை குடுத்து வெச்சிருக்கே. செவுரா விழப்போகுது?"

எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. அவரே அதைக் கீழே சாய்த்து, காலால் தள்ளி, கதவுக்குக் கீழே பாடி விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். உள்ளுக்குள் எனக்கு எரிச்சல்தான். குந்த வசதியாக இருந்த இடம் போய்விட்டதே என்று.

பேடைப் பிடித்திருக்கிற காலிப்பரின் போல்ட் துரு பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி, இடது கையைத் தரையில் ஊன்றி, வலது கையால் ஓர் இழுப்பு. ஊன்றிய கை எங்கே இருந்தது என்றால், நேராக டிஸ்க்குக்குக் கீழே. வண்டி ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. நகர்ந்ததை நான் பார்க்கவே இல்லை, ஜாக்கியின் அடித்தகடு பேவர் பிளாக்கில் 'கிர்ர்' என்று உரசியது மட்டும் காதில் விழுந்தது. அடுத்து 'டக்'. ஜாக்கி பக்கவாட்டில் படுத்துவிட்டது, வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. டிஸ்க்குக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதற்குள் என் மணிக்கட்டு. கீறல்கூட இல்லை. ஆனால் கையை வெளியே எடுக்கணும் என்று தோன்றவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

என்ன தப்பு செய்தேன் என்று பிறகு அண்ணன் உட்கார்ந்து விளக்கினார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. என்னுடையது மாதிரி, எஞ்சின் முன்சக்கரங்களைச் சுற்றுகிற முன்சக்கர டிரைவ் வண்டியில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் பிடிக்காது. உள்ளே இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் இருப்பதால், தரையில் இருக்கிற சக்கரம் முன்னால் உருண்டால் அந்தரத்தில் இருக்கிறது பின்னால் சுற்றி விட்டுக்கொடுத்துவிடும். மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அது பின்சக்கரங்களில்தான் வேலை செய்யும், என்னுடையது கேபிள் தொய்ந்து போனது. செங்கலோ, சரிவு முன்னால் இருக்க நான் பின்னால் வைத்திருந்தேன். ஆக, வண்டியை நிறுத்தி வைத்திருந்தது ஒன்றுமே இல்லை. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கினால் கதை தலைகீழ்: ஹேண்ட் பிரேக் வெறும் அலங்காரம், கியரும் முன்சக்கரத்துக்கு வைக்கிற கட்டையும்தான் கதி. கட்டை எப்போதும் தரையில் இருக்கிற சக்கரத்துக்கு, முன்னும் பின்னும் இரண்டு பக்கமும்.

நட்டை இளக்குவது சக்கரம் தரையில் இருக்கும்போதே. இறுகிய போல்ட்டையும் முடிந்தவரை அப்படித்தான். வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு பைப் போட்டு இழுப்பது நான் செய்த முட்டாள்தனம்.

ஹாலோ பிளாக் நண்பருக்கு வருகிறேன். கல்லும் செங்கலும் சுவரில் பரவலாக வருகிற பாரத்தைத் தாங்கும். மேலே ஒரு வீடே நிற்கிறதே என்று கேட்பீர்கள், நிற்கும். காரின் அடிவிளிம்பு அப்படி உட்காராது. ஒரே கோட்டில், கத்தி மாதிரி அழுத்தும். அந்த இடத்தில் கல்லில் விரிசல் விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நொடியில் உடையும். ஓட்டை பக்கவாட்டில் இருக்கும்படி படுக்க வைத்தால் இன்னும் மோசம். மரக்கட்டை அப்படியில்லை, நசுங்கும், முறுகும், சத்தம் போடும். டெப்போவில் பஸ்ஸைத் தூக்கினால் கட்டை அடுக்காமல் ஒருத்தனும் உள்ளே போக மாட்டான் என்று அண்ணன் சொல்வார்.

ஹைட்ராலிக் ஜாக்கி வைத்திருக்கிறேன், சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கி வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான். உள்ளே ஒரு ரப்பர் சீல் கசிந்தால், வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினால், மெல்ல இறங்கிவிடும். ட்ராலி ஜாக்கியின் கை மேலே போகும்போது வளைந்துதான் போகும், அதற்கேற்ப ஜாக்கி தரையில் உருளணும். பேவர் பிளாக் இடுக்கில் அதன் சக்கரம் மாட்டிக்கொண்டால் பாரம் மேலே வழுக்கும். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. காரோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே, அதை நம்பி அடியில் போகாதே என்று மேனுவலிலேயே போட்டிருக்கிறது. யார் படிக்கிறோம்?

அடுத்த வாரமே ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கினேன், 1,900 ரூபாய். வேலையையும் சரிவிலிருந்து மாற்றிவிட்டேன். என் தம்பி வீட்டில் சமமான கான்கிரீட் தரை, இப்போது அங்கேதான். உங்களுக்குப் பேவர் தரை மட்டும்தான் என்றால், அதுவும் சமமாக இருந்தால், ஸ்டாண்டின் நாலு காலுக்கும் அடியில் கனமான பிளைவுட் பலகை போடுங்கள். கீழே மணல்தான், கால் அமிழும். டைல்ஸ் தரையில் வழுக்கும், வேண்டவே வேண்டாம். ஸ்டாண்டை எங்கே கொடுப்பது என்பதற்கும் மேனுவல்தான். பெரும்பாலான சின்ன கார்களில் சக்கரத்தை ஒட்டி அடிவிளிம்பில் இரண்டு வெட்டு இருக்கும், அவற்றுக்கு நடுவில்தான் பலம். அதைத் தவறவிட்டுத் தரைத்தகட்டில் கொடுத்தால் தகடு உள்ளே போய்விடும்.

ஸ்டாண்டில் இறக்கியதும் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் இடுப்பால் பம்பரை நன்றாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். ஜாக்கியையும் எடுத்துவிடாதீர்கள், லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். கழற்றின சக்கரம் உள்ளே. ஸ்டாண்டு இருக்கும்போது அது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: 2020-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கடை, தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. உள்ளே உயரத்தைப் பூட்டுகிற பல் சரியாகப் பிடிக்காமல் திடீரென்று இறங்கிவிடலாம் என்பதுதான் காரணம்.

ரோட்டோர மெக்கானிக் ஒரே ஜாக்கியில் படுத்து வேலை பார்க்கிறாரே என்று யாராவது கேட்பீர்கள். பார்க்கிறார். அவருக்கு அது பிழைப்பு, வேறு வழியில்லாமல் பார்க்கிறார். உங்களுக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு.

வீட்டில் இந்தக் கதையின் பாதிதான் தெரியும். சக்கரத்தை உள்ளே தள்ளியது நான்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணனும் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குக் கூலியோ என்னவோ, ஸ்டாண்டு இரண்டும் போன மாசத்திலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறது. மருமகன் கார் ஏதோ வேலையாம். திருப்பிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை, பின்பக்க பிரேக் ஷூ வேலை அப்படியே கிடக்கிறது.